கடல் கடந்த தொண்டைநாட்டுக் குடிகள்

திருக்கோயிலில் அருச்சனைத் தட்டை நீட்டும் அன்பரை நோக்கி அருச்சகர் முதற்கண் வினவுவது கோத்திரம், நட்சத்திரம், பெயர் என்னும் மூன்றனையே. உள்ளூரார் தயக்கமின்றி விடை கூறிவிடுவர். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்தோ, மொரீசியஸ் தீவின் போர்ட் லூயியிலிருந்தோ வந்து காஞ்சியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சன்னிதி முன் கைகூப்பி நிற்கும் தமிழ் வழியினர் பலருக்கு அந்த எளிய வினாவே திகைப்பாகி விடுகிறது. பெயர் உண்டு, பெயரும் பாதி ஆங்கிலமாகத் திரிந்திருக்கும். நட்சத்திரம் சிலருக்குத் தெரியும். கோத்திரம் தெரியாது. அத்தகையோர்க்குச் சிவகோத்திரம் என்றோ விஷ்ணுகோத்திரம் என்றோ சொல்லிச் சங்கற்பத்தை நிறைவேற்றி வைப்பது கோயில் வழக்கம். இறைவன் திருமுன் அதற்குமேல் வேண்டுவதில்லை. ஆயினும், தம் பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊரினன், அவன் பொங்கலிட்டு வணங்கிய குலதெய்வம் எது என்ற ஏக்கம் வந்தவர் நெஞ்சில் எஞ்சியே நிற்கும். அவர்கள் தேடும் ஊர்களிற் பல, பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலும் வட ஆர்க்காட்டு ஜில்லாவிலும் உள்ளவை. வல்லம் வடகால் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதி அச்செங்கற்பட்டுச் சீமையின் நடுவில் அமைந்ததாகும்.

தொண்டைநாட்டிற்குக் குடிபெயர்வு புதிதன்று. ஆதொண்டச் சக்கரவர்த்தி குறும்பரை வென்று இந்நாட்டில் வேளாண் குடிகளைக் கொணர்ந்து அமர்த்தினான் என்பது வழிவழி வந்த செய்தி. இங்குள்ளோரிலும் பலர் ஒரு காலத்தில் வந்தேறியவரே என்பதை அம்மரபே ஒப்புக்கொள்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் திருவவதாரம் செய்த இராமானுசர் காஞ்சியிலும் திருவரங்கத்திலும் வாழ்ந்து, மைசூர் நாட்டு மேல்கோட்டை வரை சென்று தொண்டாற்றினார். அதற்கும் முன்னே, பல்லவர் காலத்து வணிகர் கீழைக்கடலைக் கடந்தனர். இன்றைய தாய்லாந்து நாட்டிலுள்ள தகுவாபா என்னும் இடத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் அதனைக் காக்கப் பொறுப்பேற்ற மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகிறது. வணிகர் கல்லிலே தம் பெயரைப் பொறித்துவிட்டுச் சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கூலிகளாய்ச் சென்ற எளியோர்க்கு அந்தப் பேறு இல்லை. அவர்தம் பெயர்கள் வெள்ளையர் அலுவலக ஏடுகளிலே அடைபட்டன.

அவர்கள் ஏன் சென்றார்கள் என்பதை நன்கு உணர்தல் வேண்டும். பொருளாசையே அவர்களை ஈர்த்தது என்று மேலோட்டமாகச் சொல்லிவிடுவது நேர்மையாகாது. செங்கற்பட்டு ஜில்லாவில் நிலமும் நத்தமும் மிராசுதாரர் உரிமையாயிருந்தன. படியாள் என்றும் பண்ணையாள் என்றும் வழங்கப்பட்ட உழைப்பாளி, திருமணத்திற்கோ நோய்க்கோ வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்திற்கு உழைக்க நேர்ந்தது. தான் குடியிருந்த குடிசையின் மனையும் அவனுடையதன்று. எதிர்த்துப் பேசினால் அதிலிருந்தும் வெளியேற்றப்படலாம். 1891-ஆம் ஆண்டு செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர் துரை இந்நிலையை விரிவாக எழுதிச் சென்னை அரசாங்கத்திற்கு அனுப்பினார். 1892-இல் அதன்மேற் பிறந்த ஆணையே பின்னாளிற் பஞ்சமி நிலம் என்று பேசப்படுவதற்கு வித்தாயிற்று. அதற்குள்ளாகவே 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்களைக் கொண்டு போயிருந்தது. இத்தகைய நாளில் சந்தையிலும் சத்திரத்திலும் ஆள்சேர்க்கும் கங்காணி வந்து, மாதச் சம்பளமும் அன்றாடப் படியும் உண்டு என்று சொன்னால், கேட்பவர் காதில் அது எவ்வாறு ஒலித்திருக்கும்! சிலர் ஏமாற்றப்பட்டனர், சிலர் கண் திறந்தே சென்றனர். குடும்பச் சண்டையில் வெளியேறியோரும், ஊர்க்கட்டுப்பாட்டிற்கு அஞ்சி ஓடியோரும், கைம்பெண்டிரும் அவர்களுள் இருந்தனர்.

1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னைத் துறையினின்று புறப்பட்ட டுரூரோ என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் 342 பேருடன் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. பத்து நாட்களுக்குப் பின் கல்கத்தாவிலிருந்து பெல்விடியர் என்ற கப்பல் வந்தது. அன்று தொடங்கி 1911-ஆம் ஆண்டு வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் தொகை 1,52,184 என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறையில் ஏறியவர். இடையே 1866 முதல் 1874 வரை ஆளேற்றம் நின்றிருந்தது. ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு. முதலாண்டிற் மாதம் 10 ஷில்லிங், பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். அரிசியும் பருப்பும் உப்பும் கருவாடும் படியளக்கப்படும். வேலை பெரும்பாலும் கரும்புத் தோட்டத்தில். மொரீசியசுக்கு இதற்கும் முன்னரே, 1834 முதல், ஆட்கள் சென்றனர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தரும் தச்சரும் அத்தீவிற் குடியேறி, போர்ட் லூயி நகரத்தை எழுப்பும் வேலையிற் பங்கு கொண்டிருந்தனர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்டிர் பட்ட துயரைப் பாரதியார் பாடினார். அத்தீவிற்குச் சென்னையிலிருந்து ஆட்கள் சென்றது 1903-க்குப் பின்னரே.

இனி அந்த ஏடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பல் ஒவ்வொன்றிற்கும் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. ஏறுவோர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதன் பின் பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா என்பது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள அடையாளம், எந்தத் தோட்டத்திற்கு அனுப்பப்பட்டார் என்ற குறிப்பு. ஓடிப்போனால் பிடிப்பதற்காகவே இத்தனை விவரமும் எழுதப்பட்டன. ஆள்பிடிக்க எழுதிய அந்த ஏடே இன்று வழித்தோன்றல்களுக்கு வம்சாவளிப் பத்திரமாக விளங்குவது விந்தையிலும் விந்தை. நிலமற்ற உழைப்பாளியின் பெயர் பிறந்த ஊரின் சிட்டாவிலும் அடங்கலிலும் ஏறியதில்லை. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் செங்கற்பட்டு ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களையும் அளந்து, இன்ன குலத்தாருக்கு இத்தனை வீடு என்று கணக்கெடுத்தபோதும், அவனுடைய பாட்டன் ஓர் எண்ணிக்கையில் அடங்கினானேயன்றிப் பெயரால் விளங்கினானில்லை. அவனை இன்னான் மகன் இன்னான், இன்ன ஊரினன் என்று முதன்முதலாக எழுதியது கப்பல் ஏடுதான்.

மற்றொன்றும் கருதத்தக்கது. நம் நாட்டு வம்சாவளிகளில் ஆண்மக்கள் பெயரே தொடர்ந்து வரும். பெண்கள் இன்னாரது மனைவி என்ற அளவில் நின்றுவிடுவர், பல இடங்களில் அதுவும் இராது. கப்பல் ஏட்டில் அங்ஙனமன்று. நூறு ஆடவருக்கு நாற்பது பெண்டிராவது செல்லவேண்டுமென்ற விதி இருந்தமையால், பெண் ஒவ்வொருத்திக்கும் தனி எண் தரப்பட்டு, அவள் தந்தை பெயரும் ஊரும் தழும்பும் எழுதப்பட்டன. பாட்டியின் பாட்டிக்கு இடது முழங்கையில் தீச்சுட்ட வடு இருந்தது என்பதை நூறாண்டுக்குப் பின் ஒருவர் படித்தறியக் கூடும். எந்த நாட்டுப் பிரபு வம்சத்தினர்க்கும் எளிதிற் கிட்டாத செய்தி அது.

நேட்டால் பட்டியல்களின் படிகளும் எடுத்தெழுதிய தொகுப்புகளும் டர்பனில் உள்ள பல்கலைக்கழக ஆவண நிலையத்தில் ஆராய்வோர்க்குக் கிடைக்கின்றன. அறிஞர் சுரேந்திர பானா அவற்றை ஆராய்ந்து 1991-இல் நூலாக்கினார். மொரீசியஸ் தீவின் ஏடுகள் மோக்கா என்னுமிடத்து மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. 1860-களுக்குப் பின் அங்கு இறங்கியோர் பலருடைய நிழற்படங்களும் அவற்றுடன் சேர்ந்துள்ளமையால், கொள்ளுப்பேரன் தன் மூதாதையின் முகத்தையே காணும் வாய்ப்புண்டு. இத்தகைய சான்றுகளின் துணையால் தம் வழியை மெய்ப்பிப்பவர்க்கு இந்திய அரசு கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டை வழங்குகிறது. மொரீசியஸைப் பொறுத்தவரை ஏழாம் தலைமுறையினர்க்கும் அது நீட்டிக்கப்படும் என்று 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் அத்தீவிற் சென்று அறிவித்தார்.

எனினும் ஏடு கிடைத்தவுடன் ஊர் கிடைத்துவிட்டது என்று எண்ணற்க. எழுதியவர் ஆங்கிலம் கற்ற குமாஸ்தா; சொன்னவர் எழுத்தறியாதவர். ஊர்ப்பெயர் வாயிலிருந்து காதிற்கும் காதிலிருந்து பேனாவிற்கும் செல்வதற்குள் உருமாறிவிடும். செங்கற்பட்டு சிங்கில்புட் ஆயிற்று. காஞ்சிபுரம் காஞ்ஜீவரம் ஆயிற்று. திருவள்ளூரைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளும் சோழநாட்டுத் திருவாரூரைக் குறிக்கும் எழுத்துகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்; அடுத்த கட்டத்தில் உள்ள ஜில்லாவின் பெயரைப் பார்த்தே தெளிய வேண்டும். சிற்றூர்களின் நிலை இன்னும் கடினம்.

வல்லம் என்ற பெயரையே எடுத்துக்கொள்க. தஞ்சைக்கருகே ஒரு வல்லம். செஞ்சிக்கருகே ஒரு வல்லம். செங்கற்பட்டு நகரை ஒட்டி மற்றொன்று. கடைசியிற் சொன்னது பல்லவ மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைக் கோயிலாற் புகழ் பெற்றது. வசந்தப்பிரியராசன் மகன் கந்தசேனன் அதனைக் குடைவித்தான் என்று கல்வெட்டுக் கூறும். காட்பாடிக்கருகில் திருவல்லம் உள்ளது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வல்லமோ வடகாலுடன் சேர்த்து வல்லம் வடகால் என்று வழங்குகிறது. ஏட்டில் வெறுமனே வல்லம், செங்கற்பட்டு ஜில்லா என்றிருந்தால், செங்கற்பட்டுக்கு அடுத்த வல்லமா, ஸ்ரீபெரும்புதூருக்கு அடுத்த வல்லமா என்று ஆராய்தல் வேண்டும். தாலுகாவின் பெயர் தெளிவாக இருந்தால் ஐயம் தீரும்; அக்கட்டம் வெறுமையாயிருந்தால் இரண்டூர்க்கும் நடந்து பார்க்க வேண்டியதே.

ஜில்லாக்களும் அன்றிருந்தபடி இல்லை. பழைய செங்கற்பட்டு ஜில்லா 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகி, 2019-இல் செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. வட ஆர்க்காட்டைத் தேடுவோர் நிலை இதனினும் சிக்கல். 1911-இல் அதினின்று சித்தூர் பிரிந்தது. 1960-இல் சித்தூரிலிருந்த திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. 1989-இல் திருவண்ணாமலையும், 2019-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனித்தனியாயின. ஆகவே வட ஆர்க்காடு என்ற ஒரு சொல்லைக் கையிற் கொண்டு வருபவர் இரண்டு மாநிலங்களில் அலைய வேண்டியிருக்கும்.

இத்தகைய இடங்களிற் கோயிலே கைகொடுக்கிறது. தொண்டைநாட்டு எளியோர் தம் மக்கட்கு இட்ட பெயர்கள் பெரும்பாலும் அருகிலுள்ள திருத்தலங்களின் பெயர்களே. ஏகாம்பரம், வரதன், காமாட்சி என்று வந்தால் காஞ்சியின் மணம் வீசும். வேதகிரி என்றால் திருக்கழுக்குன்றம். வீரராகவன் என்றால் திருவள்ளூர். எத்திராசன் என்ற பெயரோ ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த எதிராசரின் திருப்பெயர். ஏழுமலை, முனுசாமி என்பனவும் வடதமிழ்நாட்டில் மிகுதியாக வழங்குவன. இவை முடிந்த சான்றாகா; வரதன் என்ற பெயர் எவ்வூரிலும் இருக்கலாம். ஏட்டில் எழுத்து மங்கிய இடத்தில் துணைச் சான்றாக நிற்கத்தக்கவை, அவ்வளவே.

அயல்நாட்டில் இப்பெயர்கள் பட்ட பாடு தனிக் கதை. நம்மவர்க்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை. தந்தை பெயரை முன்னிட்டே வழங்குவோம். வெள்ளையர் அதனைக் குடும்பப் பெயராகக் கொண்டு எழுதினர். அதனால் பெருமாள் மகன் முனுசாமியின் சந்ததியார் சிலர் முன்சாமிகளாயினர், சிலர் பெருமாள்களாயினர். உடன்பிறந்தார் இருவர் வெவ்வேறு குடும்பப் பெயருடன் வாழ்ந்து மறைந்ததும் உண்டு. பிள்ளை, நாயுடு, முதலி, கவுண்டர் என்பன பில்லே, நாயடு, மூட்லி, கவெண்டர் என்று திரிந்து, இன்று நேட்டாலில் எங்கும் காணப்படுகின்றன. கப்பலில் ஏறும்போது ஏட்டில் ஒரு சாதியும், இருபதாண்டுக்குப் பின் குடும்பப் பெயரில் வேறொரு சாதியுமாக இருப்பது அரிதன்று. தம் ஏட்டைத் தேடி எடுத்த சிலர் அக்கட்டத்தைக் கண்டு முகம் சுளிப்பதும் உண்டு. முகம் சுளிக்க அதில் ஏதும் இல்லை. கடலைக் கடந்தவர்க்கு ஊரார் இட்ட பட்டத்தைக் கழற்றி எறிய ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பலர் அதனைப் பயன்படுத்திக்கொண்டனர். ஒளிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டென்றால், அவர்கள் கழற்றி எறிய விரும்பும்படி அப்பட்டத்தை இங்கே சுமத்தி வைத்திருந்தோமே, அதுதான்.

வழிபாட்டு முறையும் தடயமாகும். கரும்புத் தோட்டத்து ஆலைக்கருகே தகரக் கொட்டகையிலும் மண் சுவரிலும் தொடங்கிய கோயில்கள் நேட்டாலிற் பல. மவுண்ட் எட்ஜ்கோம்பில் கிஷ்டப்ப ரெட்டியார் எழுப்பிய கணேசர் கோயில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குரியது. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் விடுமுறையிற் கூழ் வார்த்தலும் பொங்கலிடலும் நடைபெறும். அந்நாட்களில் தோட்டத்திற் கிடைத்த விடுமுறை அதுவே ஆதலின், நம் அம்மனின் திருவிழா கிறிஸ்துவ நாட்காட்டியில் இடம் பெற்றுவிட்டது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கு நகரில் புனித வெள்ளியன்று தீமிதி நிகழ்கிறது. நேட்டாலிலும் ரீயூனியன் தீவிலும் திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்கின்றனர். பாரதக் கூத்தும் தீமிதியும் செங்கற்பட்டு, இரு ஆர்க்காடு ஜில்லாக்களின் சிற்றூர்களுக்கே சிறப்பாக உரியன என்பதை அறிந்தோர், அக்கூட்டத்தினர் எங்கிருந்து வந்தனர் என்பதை ஏடின்றியே உணர்வர். மொழி பெரும்பாலும் மறந்துபோயிற்று. தீக்குழியின் நீளமும், கரகம் எடுக்கும் முறையும், காப்புக்கட்டும் கிரமமும் மறக்கவில்லை.

ஊரோடு இருந்த தொடர்பு எப்போது அறுந்தது? சென்றவர் பலர் தொடக்கத்தில் மீண்டும் வந்தனர். பத்தாண்டு கழித்தால் இலவசமாகத் திரும்பும் உரிமை இருந்தது. பிறகு, ஒப்பந்தம் முடிந்தும் தங்குவோர்க்கு ஆண்டிற்கு 3 பவுன் வரி என்று 1895-இல் சட்டம் வந்தது. அவ்வரியை எதிர்த்தும் பிற அநீதிகளை எதிர்த்தும் காந்தியடிகள் நடத்திய போரிற் சிறை சென்று, 1914-இல் தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார் தில்லையாடி வள்ளியம்மை. அவ்வாண்டே வரியும் நீங்கியது. 1927-இல் கேப்டவுன் உடன்படிக்கையின்படி, ஊக்கத்தொகை தந்து இந்தியர்களை நாட்டிற்குத் திருப்பியனுப்பும் திட்டம் வந்தது. அதனை நம்பிச் சென்னையில் வந்திறங்கியோர் பட்ட துன்பத்தை 1931-இல் பவானி தயாள் சந்நியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் அறிக்கையாக எழுதினர். அங்கே பிறந்து வளர்ந்தவர்க்கு இங்கே வீடில்லை, வேலையில்லை. ஊரார் பந்தியிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. திரும்பியோர் கதை கடலைக் கடந்து பரவியபின் எவர்தாம் திரும்புவர்? 1946-இல், நிறவெறியைக் கண்டித்து இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வாணிபத்தை நிறுத்தியது. அதுமுதல் 1993-இல் இரு நாட்டு உறவு மீளும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, போக்குவரவு மிக அரிதாயிற்று. ஊரின் பெயரை வாயாற் சொல்லக் கேட்டிருந்த கடைசித் தலைமுறை அந்த இடைவெளியிலேயே மறைந்தது. அதனால்தான் இன்று பேரர்க்கு ஏடு தேவைப்படுகிறது.

ஏட்டையும் ஊரையும் பொருத்தி ஒருவர் வந்து சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். கிராம நிர்வாக அலுவலரிடம் அவர் மூதாதையின் பெயர் இராது. முதியோர்க்கு நான்கு தலைமுறைக்கு முந்திய ஒரு முனுசாமியை நினைவிராது. அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இன்ன தெருவார் முதல் மொட்டை எந்தத் தெய்வத்திற்கு எடுப்பர், காது குத்துவது எங்கே, திருமணப் பத்திரிகையை எந்தச் சன்னிதியில் முதலில் வைப்பர் என்று கேட்டால், எழுபது வயது மூதாட்டி ஒருத்தி வேப்பமரத்தடிக் கல்லையோ, ஏரிக்கரை முனீசுவரனையோ சுட்டிக் காட்டிவிடுவாள். இரத்த உறவினர் கிடைக்கலாம், கிடைக்காமற் போகலாம். குலதெய்வம் கிடைத்துவிட்டால் வந்தவர் பெரும்பாலும் அத்துடன் மனநிறைவு கொண்டு, ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு செல்கின்றார்.

அந்த ஏரிக்கரையும் இருந்தாலன்றோ! வல்லம் வடகாலைச் சுற்றி இன்று சிப்காட் தொழிற்பூங்கா பரந்து கிடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நெல் விளைந்த வயல்களிற் பல, மதில் சூழ்ந்த ஆலைகளாகிவிட்டன. வடகால் என்ற பெயரில் உள்ள கால் என்பது வாய்க்காலைக் குறிக்கும் பழஞ்சொல். இன்று அங்குச் செல்வோர் கண்ணில் முதலிற் படுவது சாலையும் சுமையுந்துகளுமே. ஆலைப் பெண்களுக்கென அவ்வூரில் எழுப்பப்பட்டு 2024 ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்ட விடுதியில் 18,720 பேர் தங்கலாம். தமிழகத்தின் தொலை மாவட்டங்களிலிருந்தெல்லாம் பெண்கள் இப்பகுதி ஆலைகளுக்கு வேலை தேடி வருகின்றனர். ஒரு காலத்தில் ஆட்களைக் கப்பலேற்றிய சீமை, இப்போது ஆட்களை வரவேற்கும் சீமையாயிற்று.

வருவோர் தமிழர் மட்டும் அல்லர். ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலத்து இளைஞரும் இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கின்றனர். நேட்டால் ஏடுகளிற் கல்கத்தாக் கப்பல்களின் பக்கங்களைப் புரட்டினால், ஆரா, கயா, பாட்னா, காஜிப்பூர், ஆஜம்கர் என்ற ஜில்லாப் பெயர்களே வரும். அன்று அவ்வூர்க்காரரும் செங்கற்பட்டுக்காரரும் ஒருவர் மொழி ஒருவர்க்குத் தெரியாமல் ஒரே தோட்டத்து வரிசைக் குடில்களில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். பின்னர் கொண்டும் கொடுத்தும் உறவாயினர். ஆரா ஜில்லாவிலும் செங்கற்பட்டு ஜில்லாவிலும் கப்பலேறாமல் எஞ்சியோரின் பேரர்கள் இன்று ஒரகடத்துத் தேநீர்க் கடையில் ஒரே பலகையில் அமர்ந்திருக்கின்றனர். ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் அவ்விளைஞன் பெயர், தந்தை பெயர், மாவட்டம், கிராமம் என்ற கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரப்பப்படுகின்றன.